வயலில் காணாமல் போகும் தண்ணீர் எங்கே போகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விவசாயத்திற்குப் போகும் தண்ணீரில் பாதிக்கு மேல் வீணாகிறது என்றும், வாய்க்காலில் விட்டு வயலில் பாய்ச்சும் பழைய முறையைக் கைவிட்டு எல்லோரும் சொட்டுநீருக்கு மாறிவிட்டால் மிச்சமாகும் தண்ணீரைக் கொண்டே சென்னையின் தாகத்தைத் தீர்த்துவிடலாம் என்றும் வாசகர் ஒருவர் தங்கள் நாளிதழின் இதே பகுதியில் அண்மையில் எழுதியிருந்தார். அவருடைய அக்கறையில் எனக்குக் குறையில்லை. கணக்கில்தான் குறை இருக்கிறது. நான் பாசனப் பொறியாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். அம்பத்தூரில் வசிக்கிறேன், திருவள்ளூர் மாவட்டத்தில் பரம்பரையாக வந்த சிறிது நிலத்தில் இன்னமும் பயிர் வைக்கிறேன். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பார்களே, அது என் விஷயத்தில் ஏறத்தாழ உண்மை. நகரத்துக் குழாயில் தண்ணீர் வராத காலையையும், வயலின் கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் எட்டாத மாலையையும் நான் அறிவேன்.

‘பாதி வீண்’ என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஐக்கிய நாடுகளின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு பாசனப் பணியாளர்களுக்காக வெளியிட்ட பயிற்சிக் கையேட்டில், நிலத்தின் மேல் தண்ணீரைப் பரவவிடும் பாசனத்திற்கு வயல் அளவிலான திறன் (வயலுக்குள் வந்த தண்ணீரில் வேருக்குப் பயன்படும் பங்கு) 60 சதவீதம், தெளிப்புநீருக்கு 75 சதவீதம், சொட்டுநீருக்கு 90 சதவீதம் எனக் குறிப்பான மதிப்புகள் தரப்பட்டுள்ளன. தண்ணீரைக் கொண்டுசேர்க்கும் வாய்க்காலுக்குத் தனிக் கணக்கு உண்டு. நீளமான மண் வாய்க்காலாக இருந்தால், மணற்பாங்கான மண்ணில் 60, வண்டல் கலந்த மண்ணில் 70, களிமண்ணில் 80 சதவீதம். பூச்சு வேலை செய்த வாய்க்காலில் 95 சதவீதம். எழுபதையும் அறுபதையும் பெருக்கினால் 42 வருகிறது. மதகில் திறந்துவிட்ட 100 லிட்டரில் வேர் குடிப்பதற்கு நிற்பது 42 லிட்டர் என்பது இதன் பொருள். திட்டமிடும் பொறியாளர் வாய்க்காலின் அகலத்தைக் கணக்கிடுவதற்காகத் தரப்பட்ட உத்தேச மதிப்புகள் இவை. எந்த ஊர் வயலையும் அளந்து எடுத்த தீர்ப்பு அல்ல. மீதி 58 லிட்டர் உலகை விட்டே போய்விட்டது என்று அந்தக் கையேடு எங்கும் சொல்லவுமில்லை.

உத்தேசத்தை வைத்துக்கொண்டு வாதம் செய்வதில் எனக்குச் சலிப்பு ஏற்பட்டதால், சில ஆண்டுகளுக்கு முன் என் சொந்த நிலத்திலேயே அளந்து பார்த்தேன். தை மாதம் விதைத்த நிலக்கடலை, ஒரு ஏக்கர், மணல் கலந்த செம்மண். கிணற்று மேட்டிலிருந்து வயலுக்கு நூற்றைம்பது மீட்டர் மண் வாய்க்கால். அளப்பதற்கு வேண்டிய கருவிகளைக் கேட்டால் வாசகர்கள் சிரிப்பார்கள்: 200 லிட்டர் பீப்பாய் ஒன்று, கைப்பேசியில் உள்ள கடிகாரம், அம்பத்தூரில் தெரிந்த பட்டறையில் வெட்டி வாங்கிய ‘வி’ வடிவத் தகடு ஒன்று, மண் எடுக்கும் துளைப்பான் ஒன்று. மோட்டார் வாயில் பீப்பாய் 25 விநாடியில் நிரம்பியது. ஆகவே விநாடிக்கு 8 லிட்டர். வாய்க்காலின் கடைசியில், வயலுக்குள் நுழையும் இடத்தில், 90 பாகை வெட்டுள்ள தகட்டைக் குறுக்கே நிறுத்தி, வெட்டின் அடியிலிருந்து நீர்மட்டம் எவ்வளவு உயரம் என்று பார்த்தேன். பதினொன்றரை சென்டிமீட்டர் இருந்தது. அந்த உயரத்திற்கு உரிய ஓட்டம் விநாடிக்கு 6.2 லிட்டர். (இந்தத் தகட்டின் அழகே அதுதான்: உயரம் இரட்டித்தால் ஓட்டம் ஐந்தரை மடங்குக்கு மேல் பெருகும். 10 சென்டிமீட்டருக்கு 4.4 லிட்டர், 15 சென்டிமீட்டருக்கு 12 லிட்டர். ஒரு சிறிய அட்டவணையைத் தகட்டிலேயே வண்ணத்தில் எழுதிவிட்டால் பள்ளிப் பிள்ளைகள்கூட வாசித்துவிடுவார்கள்.) நூற்றைம்பது மீட்டருக்குள் எட்டில் ஏறத்தாழ இரண்டு லிட்டர் நண்டு வளையிலும், வாய்க்கால் கரைப் புல்லிலும், அடி மணலிலும் போய்விட்டிருந்தது. பாசனத் துறையில் இத்தனை ஆண்டுகள் இருந்த எனக்கே அது அன்றைக்குத்தான் உறைத்தது.

ஒரு ஏக்கர் முழுவதும் நனைய ஒன்பது மணி நேரம் ஆயிற்று. அதன்படி வயலுக்குள் வந்தது சுமார் இரண்டு லட்சம் லிட்டர். ஏக்கர் முழுவதும் பரப்பினால் 50 மில்லிமீட்டர் உயரம். பாய்ச்சுவதற்கு முன்னும், பாய்ச்சி இரண்டு நாள் கழித்தும், வேர் இறங்கியிருந்த 40 சென்டிமீட்டர் ஆழம் வரை மண் எடுத்து, ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் கேட்டுக்கொண்டு, 105 பாகை வெப்பத்தில் ஒரு நாள் முழுவதும் உலர்த்தி எடை போட்டேன். நூறு கிராம் காய்ந்த மண்ணுக்கு முன்பு 7 கிராம் ஈரம், பின்பு 11 கிராம். மண்ணின் அடர்த்தியையும் ஆழத்தையும் பெருக்கினால் வேர் மண்டலத்தில் கூடுதலாகத் தங்கியது 24 மில்லிமீட்டர். ஐம்பதுக்கு இருபத்துநான்கு, திறன் 48 சதவீதம். வாசகர் சொன்ன ‘பாதி வீண்’ அப்படியே மெய்யாகிவிட்டது போலத் தோன்றியது.

ஆனால் அந்த இரண்டு நாளும் பயிர் பட்டினி கிடக்கவில்லையே! இளம் நிலக்கடலை அந்தப் பருவத்தில் நாளொன்றுக்கு 4 மில்லிமீட்டர் அளவுக்குக் குடித்தும் மண்ணிலிருந்து ஆவியாகியும் போயிருக்கும். அந்த எட்டையும் கூட்டினால் 32. திறன் 64 சதவீதம். அதே வயல், அதே நாள், அதே தண்ணீர். கணக்கெடுப்பவர் ஒரு வரியைச் சேர்க்கிறாரா விடுகிறாரா என்பதைப் பொறுத்து 48 ஆகவும் சொல்லலாம், 64 ஆகவும் சொல்லலாம். இத்தகைய எண்களை அடிப்படையாக வைத்துக் கோடிக்கணக்கில் திட்டங்கள் தீட்டப்படுவதை நினைத்தால் எனக்குச் சற்று அச்சமாகவே இருக்கிறது.

இன்னொரு பொறியும் இதில் உண்டு. திறன் மட்டுமே இலக்கு என்றால் அதை நூறு சதவீதமாக்குவது மிக எளிது: வேண்டிய அளவில் பாதியை மட்டும் பாய்ச்ச வேண்டும். பாய்ச்சியதெல்லாம் வேரிலேயே நின்றுவிடும். ஒரு சொட்டும் கீழே இறங்காது. காகிதத்தில் முழு மதிப்பெண். வயலில், கடலைப் பூவிலிருந்து விழுது மண்ணுக்குள் இறங்கும் பருவத்தில் மண் காய்ந்து கிடந்து, காய் பிடிக்காத செடி. ஆகவே எவ்வளவு வீணானது என்று கேட்பவர், பயிருக்குத் தேவையானது தேவையான நாளில் கிடைத்ததா என்பதையும், வயலின் எல்லா மூலைக்கும் ஒரே சீராகக் கிடைத்ததா என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

சீர் என்பதுதான் என் வயலின் உண்மையான நோயாக இருந்தது. மடை திறக்கும் முனையில் தண்ணீர் ஒன்பது மணி நேரமும் நின்றது. கடைசிப் பாத்தியில் ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. முதற்பகுதியில் வேருக்குக் கீழே வெகு ஆழத்திற்கு இறங்கிவிட, கடைசிப் பகுதி முக்கால் நனைவோடு நின்றது. நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மேடு. மட்டக் குழாய் வைத்துப் பார்த்தபோது சுற்றியுள்ள நிலத்தைவிட ஏழு சென்டிமீட்டர் உயரம். அந்த ஏழு சென்டிமீட்டரை ஏறித் தாண்டுவதற்காகவே தண்ணீர் மேல்பாத்திகளில் மணிக்கணக்கில் தேங்கியிருக்கிறது. தண்ணீர் நிற்க வேண்டிய நேரத்தில் கால் பங்கிற்குள் அது வயலின் மறுமுனையைத் தொட்டுவிட வேண்டும் என்பது பாசன இயலில் ஒரு பழைய கைவிதி. என் வயலில் ஒன்பதில் எட்டுக்கு மேற்பட்ட பங்கு மறுமுனைக்குப் போய்ச் சேரவே செலவாயிற்று.

அடுத்த பட்டத்திற்கு, அதாவது அடுத்த சாகுபடிப் பருவத்திற்கு, முன் மேட்டை வெட்டிப் பள்ளத்தில் இட்டு, பரம்படித்துச் சமன் செய்து, நீளமான பாத்திகளை நடுவில் குறுக்கு வரப்பிட்டு இரண்டாகப் பிரித்து, மண் வாய்க்காலுக்குப் பதிலாகப் பிவிசி குழாயைப் புதைத்தேன். சொட்டுநீர்க் குழாய் ஒன்றுகூடப் போடவில்லை. வயலில் தண்ணீரைப் பரவவிடும் பழைய பாசனம்தான், பழைய மோட்டார்தான். ஒன்பது மணி நேரம் ஆறு மணி நேரமாகக் குறைந்தது. 32 மில்லிமீட்டர் தேவைக்குச் சுமார் 43 மில்லிமீட்டர் பாய்ச்சினேன். வயல் திறன் 75 சதவீதம். தெளிப்புநீர்க் கருவிக்குக் கையேடு தரும் மதிப்பு இதுதான். சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீருக்கு 100 சதவீத மானியமும், மற்றவர்களுக்கு 75 சதவீத மானியமும் தரும் நம் மாநிலத்தில், நிலத்தைச் சமன் செய்வதற்கு அதே அளவு முனைப்பு ஏன் இல்லை என்று அப்போது தோன்றியது, இன்றும் தோன்றுகிறது. லேசர் கதிரின் வழிகாட்டலில் இரண்டு சென்டிமீட்டர் பிசகாமல் நிலத்தைச் சமன் செய்யும் கருவி டிராக்டர் வாடகையோடு எல்லா வட்டாரத்திலும் கிடைக்குமானால், நெல்லும் கரும்பும் கடலையும் பயிரிடும் பெரும்பாலான வயல்களில் அதுவே முதல் மருந்தாக இருக்கும் என்பது என் கருத்து.

இத்துடன் இந்தக் கதையை முடித்திருந்தால் எனக்கும் பெருமையாக இருந்திருக்கும். இரண்டு காரியங்கள் அந்தப் பெருமையைக் கெடுத்தன.

அடுத்த கோடையில் பக்கத்து நிலத்துக்காரர் ஒரு நாள் காலையில் வந்து, சற்றுத் தயங்கி நின்றுவிட்டு, “அண்ணா, நீங்க வாய்க்கால மூடினதுல இருந்து என் கெணத்துல தண்ணி ஊறல” என்றார். அவருடைய திறந்த கிணறு என் பழைய வாய்க்காலிலிருந்து இருபது அடி தள்ளி இருக்கிறது. நான் ‘இழப்பு’ என்று குறித்து வைத்திருந்த விநாடிக்கு இரண்டு லிட்டரில் ஒரு பகுதி, எத்தனையோ ஆண்டுகளாக அவருடைய கத்தரித் தோட்டத்திற்கு உயிர் கொடுத்திருக்கிறது. இரண்டாவது காரியம் என்னுடையது. மிச்சமான மூன்று மணி நேர மோட்டார் ஓட்டத்தை நான் நிலத்தடியில் விட்டு வைக்கவில்லை. சும்மா கிடந்த அரை ஏக்கரில் வெண்டையும் கொத்தவரையும் போட்டேன். கட்டணமில்லாத மின்சாரம், கையில் தண்ணீர், தரிசாகக் கிடக்கும் நிலம். எந்த விவசாயியும் அதைத்தான் செய்வார். கூட்டிக் கழித்துப் பார்த்தால், கிணற்றிலிருந்து நான் எடுத்தது குறையவில்லை. மண்ணுக்குத் திரும்பிப் போனது மட்டும் குறைந்தது. என் திறன் உயர்ந்தது. ஊரின் நீர்மட்டம் தாழ்ந்தது.

வாசகர் கடிதத்திற்கு நான் பதில் எழுத நேர்ந்ததன் காரணம் இதுதான். வயலில் ‘இழப்பு’ என்று எழுதப்படுவது வடிநிலத்தில், அதாவது ஓர் ஆற்றில் வடிந்து சேரும் நிலப்பரப்பு முழுவதற்கும், இழப்பாக இருக்க வேண்டியதில்லை. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்குப்படி, ஒரு கிலோ நெல் விளைய மழையாகவும் பாசனமாகவும் வயலுக்குள் வரும் தண்ணீர் சராசரியாகச் சுமார் 2,500 லிட்டர். அதில் பயிர் வழியாகவும் மண்ணிலிருந்தும் ஆவியாகி உண்மையிலேயே வானுக்குப் போவது சுமார் 1,400 லிட்டர். மேடைகளில் முதல் எண் மட்டுமே முழங்கப்படுகிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள தண்ணீர் கசிந்தும் இறங்கியும் வேறெங்கோ போய்ச் சேர்கிறது. அந்த ‘வேறெங்கோ’ எது என்பதுதான் கேள்வி.

நம் செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர்ப் பகுதி ஏரிகளைக் கட்டியவர்களுக்கு இதன் விடை தெரிந்திருந்தது. மேலேரி நிரம்பி அதன் கலங்கல் (மிகைநீர் வெளியேறும் இடம்) வழிந்தால் அது கீழேரிக்கு வரத்து. மேலேரியின் ஆயக்கட்டு வயல்களில், அதாவது அந்த ஏரித் தண்ணீர் பாயும் வயல்களில், வடிந்ததும் கீழேரிக்கு வரத்து. ஒரு வயலின் கழிவு அடுத்த வயலின் பாசனம். சங்கிலியின் ஒரு கண்ணியை மட்டும் பிடித்து இதன் திறன் 42 சதவீதம் என்று சொல்லலாம். சங்கிலி முழுவதற்கும் கணக்கெடுத்தால் எண் வேறாக இருக்கும். சென்னைக்கு மிக அருகில் இதற்கு வேறோர் எடுத்துக்காட்டும் உண்டு. ஆரணியாறு, கொசஸ்தலையாற்று வடிநிலத்தில் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் கிணற்று வயல்களிலிருந்து நெடுங்காலமாக நகரத்திற்குத் தண்ணீர் எடுக்கிறார்கள். பஞ்ச காலங்களில் விவசாயிகளின் கிணறுகளிலிருந்தும் விலைக்கு வாங்கி லாரியிலும் குழாயிலும் கொண்டுவந்திருக்கிறார்கள். அந்தக் கிணறுகள் ஊறுவதில் மழைக்கும் ஆற்றுக்கும் ஏரிக்கும் உள்ள பங்கோடு, சுற்றியுள்ள நெல் வயல்களில் இறங்கும் தண்ணீருக்கும் பங்கு உண்டு. நிலத்தடியில் நன்னீரின் அழுத்தம் குறைந்ததால் மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்து கிணறுகள் உப்பாகிப் போனதை அங்குள்ளவர்கள் கண்ணால் கண்டவர்கள். அங்கே போய், ‘வயலில் தண்ணீர் இறங்க விடாதீர்கள், மிச்சப்படுத்தி எங்களுக்குக் கொடுங்கள்’ என்று சென்னைக்காரர் சொல்வது, தான் குடிக்கும் குடத்தின் வாயைத் தானே அடைப்பதற்குச் சமம்.

அப்படியானால் கசிவெல்லாம் நல்லதே, வாய்க்காலைப் பராமரிக்க வேண்டாம், நிலத்தைச் சமன் செய்ய வேண்டாம் என்று நான் சொல்வதாகப் பொருள் கொள்ளக் கூடாது. இறங்கிய தண்ணீரை மீண்டும் மேலே எடுக்க மின்சாரம் வேண்டும். அது இறங்கும்போது இட்ட யூரியாவையும் கரைத்துக்கொண்டு போகிறது. விவசாயிக்கு உரச் செலவு, கிணற்று நீருக்கு நைட்ரேட். தலைமடையில் தேவைக்கு மேல் இறங்கும் ஒவ்வொரு நாளும் கடைமடைக்காரர் நாற்றங்கால் காய்ந்து நிற்கிறார். தலைமடையில் இறங்கியது என்றைக்கோ ஒருநாள் அவர் கிணற்றில் ஊறும் என்று சொல்வது அவருக்கு ஆறுதல் ஆகாது. கடலோரத்தில், ஏற்கெனவே உப்பாகிவிட்ட அடிநீரின் மேல் இறங்கும் நல்ல தண்ணீர் பெரும்பாலும் திரும்பக் கிடைக்காது. களை குடித்துப் போவதும், ஈர வரப்பிலும் தேங்கிய வாய்க்காலிலும் ஆவியாவதும் யாருக்கும் பயன்படாத இழப்புத்தான். எந்த ஊரில், எந்த மண்ணில், எந்த ஆழத்து நீர்மட்டத்தின் மேல் இந்த வயல் இருக்கிறது என்று கேட்காமல் ஒரே மருந்தை எல்லோருக்கும் எழுதிக் கொடுப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

நெல்லைப் பொறுத்தவரை நம்மிடம் நல்ல மருந்து ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. எப்போதும் தண்ணீர் கட்டி வைக்காமல், ‘காய்ச்சலும் பாய்ச்சலுமாக’ விடுவது. இந்தத் தொடர் புதிதன்று. நம் உழவர் வாயில் உள்ளதுதான். முப்பது சென்டிமீட்டர் நீளமும் பதினைந்து சென்டிமீட்டர் விட்டமும் உள்ள பிளாஸ்டிக் குழாயின் கீழ்ப் பாதியில் துளையிட்டு வயலில் புதைத்து, உள்ளே உள்ள மண்ணை எடுத்துவிட்டால், மண்ணுக்குக் கீழே தண்ணீர் எங்கே நிற்கிறது என்று குனிந்து பார்த்துவிடலாம். மண் மட்டத்திற்கு 15 சென்டிமீட்டர் கீழே இறங்கும்வரை காத்திருந்து, பிறகு 5 சென்டிமீட்டர் உயரத்திற்குப் பாய்ச்ச வேண்டும். பூக்கும் பருவத்தில் மட்டும் காய விடக் கூடாது. விளைச்சல் குறையாமல் பாசன நீரில் 30 சதவீதம் வரை மிச்சமாகும் என்று சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் சொல்கிறது. வயலிலிருந்து எழும் மீத்தேன் வாயுவும் கணிசமாகக் குறைகிறது. கனத்த களிமண்ணில் நாளுக்கு 1 முதல் 5 மில்லிமீட்டர் இறங்கும் தண்ணீர், மணற்பாங்கான நிலத்தில் 25, 30 மில்லிமீட்டர் வரை இறங்கும். அத்தகைய நிலத்தில், மழை இல்லாத சொர்ணவாரிப் பட்டத்தில் மோட்டார் தண்ணீரைக் கட்டி வைத்து நெல் வளர்ப்பது எனக்கு உடன்பாடில்லை. அங்கே கேழ்வரகோ கடலையோ வைக்கலாம். சம்பாவில், வடகிழக்குப் பருவமழையில், அதே வயல் தண்ணீரைப் பிடித்து நிலத்துக்குள் அனுப்பும் சிறு ஏரியாகிவிடுகிறது. ஒரே நிலம், இரண்டு பட்டம், இரண்டு தீர்ப்பு.

இதையெல்லாம் அளந்துதான் சொல்ல வேண்டும் என்கிறேன். நம்மிடம் அளவுதான் இல்லை. பெரும்பாலான பாசன மோட்டார்களுக்கு மீட்டர் கிடையாது. ஏரி மதகுகளில் எத்தனை அங்குலம் திறந்தார்கள் என்பது மதகைத் திறந்து மூடும் கம்புகட்டிக்குத் தெரியும். எத்தனை லிட்டர் போயிற்று என்பது யாருக்கும் தெரியாது. வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்கிறேன்: பணியில் சேர்ந்த புதிதில், மழையில் நனைந்து அளவுகோலைப் பார்க்கப் போகச் சோம்பல்பட்டு, முந்தைய வாரத்து எண்ணையே கொஞ்சம் கூட்டிக் குறைத்துப் பதிவேட்டில் எழுதிய நாட்கள் எனக்கு உண்டு. அந்தப் பதிவேடுகள்தாம் பின்னாளில் புள்ளிவிவரம் ஆகின்றன.

நீர் மேலாண்மை பற்றிய கூட்டம் எதுவும் உத்திரமேரூர்க் கல்வெட்டைக் குறிப்பிடாமல் முடிவதில்லை. முதலாம் பராந்தக சோழர் காலத்தில், பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், குடவோலை முறையில் ஏரி வாரியத்தை (ஏரியைக் கவனிக்கும் குழுவை) தேர்ந்தெடுத்தார்கள் என்பதோடு எல்லோரும் நிறுத்திக்கொள்கிறார்கள். முன்பு வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் வாரியத்திற்கு வர முடியாது என்று அதே கல்வெட்டு சொல்வதை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. 2000ஆம் ஆண்டில் நாம் இயற்றிய தமிழ்நாடு விவசாயிகள் பாசன அமைப்புகள் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு ஏரி மதகின் கீழும் ஒரு வெட்டுத் தகடோ, பெரிய வாய்க்காலாக இருந்தால் நடுவில் குறுகி ஓட்டத்தை அளக்க உதவும் ஒரு பார்ஷல் அளவுக்கால்வாயோ அமைத்து, நாள்தோறும் காலையில் உயரத்தைப் பார்த்து ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதுவதை அந்தச் சங்கங்களின் முதற்கடமை ஆக்கலாம். முறைப்பாசனம் விடும் நாட்களில் தலைமடைக்கும் கடைமடைக்கும் நடக்கும் சண்டையில் பாதி, எண் ஒன்று பலகையில் இருந்தாலே அடங்கிவிடும். மீதிப் பாதி வேறு காரணங்களுக்காக நடப்பது. அதற்குத் தகடு பொறுப்பல்ல.

சென்னை தன் பங்குக்கு என்ன செய்கிறது என்பதையும் கேட்கத்தான் வேண்டும். 2019 ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 பெட்டிகளில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு முதல் ரயில் வில்லிவாக்கத்திற்கு வந்தபோது நகரம் முழுவதும் அதைப் பற்றியே பேச்சு. ஏக்கருக்கு 5 சென்டிமீட்டர் பாய்ச்ச இரண்டு லட்சம் லிட்டருக்குச் சற்று மேல் வேண்டும். அந்த ரயில் தண்ணீர் பன்னிரண்டு ஏக்கர் நெல்லுக்கு ஒரு பாய்ச்சல். விவசாயம் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது பாருங்கள் என்று இதை ஒருவர் படிக்கலாம். பன்னிரண்டு ஏக்கர் வயலை ஒருமுறை நனைக்கும் தண்ணீருக்காக ரயில் விடும் நிலைக்கு, ஏரிகள் சூழ்ந்த ஒரு நகரம் எப்படி வந்தது என்றும் படிக்கலாம். நான் வசிக்கும் அம்பத்தூரில் ஏரி இருக்கிறது. அதன் ஆயக்கட்டில் வயலைத் தவிர எல்லாம் இருக்கிறது. 2004 முதல் வீராணத்துத் தண்ணீரைக் குடிக்கும் நாம், அந்த ஏரியின் ஆயக்கட்டு விவசாயியிடம் திறன் பற்றிப் பேசும்போது, சென்னையின் பெரும்பாலான வீடுகளில் இன்னமும் குடிநீர் மீட்டர் இல்லை, எவ்வளவு பிடித்தாலும் ஒரே கட்டணம்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. என் வீட்டுக்கும் மீட்டர் இல்லை.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், கண்ணன்கோட்டை ஏரிகளின் நீர் இருப்பையும் வரத்தையும் வெளியேற்றத்தையும் நாள்தோறும் அச்சிடுகிறீர்கள். நகரத்து வாசகர்கள் பலர் காலையில் அதைப் பார்த்துவிட்டுத்தான் மற்றச் செய்திகளுக்குப் போகிறார்கள். அதற்குக் கீழே, மதுராந்தகம் போன்ற பாசன ஏரிகள் நான்கைந்தின் மதகுகளிலிருந்து அன்றைக்கு ஆயக்கட்டுக்குப் போன தண்ணீரின் அளவையும் அதிகாரிகளிடம் கேட்டு வாங்கி ஒரு வரியாகச் சேர்க்க இயலுமா? கேட்டால் முதல் சில வாரங்களுக்கு எண் வராது. தொடர்ந்து கேட்டால் யாராவது ஒருவர் மதகுக்குப் போய் அளந்துதான் ஆக வேண்டியிருக்கும்.

என் வெட்டுத் தகடு இப்போது பக்கத்து நிலத்துக்காரரிடம் இருக்கிறது. அவர் கிணறு ஓரளவு ஊறுவதற்காக, மழைக்காலத்தில் மட்டும் பழைய மண் வாய்க்காலில் ஏரித் தண்ணீரை விடுவது என்று இருவரும் பேசி முடிவு செய்திருக்கிறோம். எத்தனை லிட்டர் விட்டால் கிணறு எத்தனை அடி ஏறுகிறது என்று அவர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வருகிறார். இரண்டு பருவமழைகளின் கணக்குச் சேர்ந்ததும் தங்களுக்கு அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாசனப் பொறியாளர்,
அம்பத்தூர், சென்னை.